கற்பி என்றுதான் சொன்னார்

(சுவாமி சகஜானந்தர் நினைவாகச் சிதம்பரத்தில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் இன்னும் நாற்காலிகள் காலியாகத்தான் கிடக்கின்றன. வந்து உட்காருங்கள், காத்திருக்கிறேன். நம் கூட்டத்திலேயே நாம் பின்னால் நிற்பதற்கு ஒரு பழக்கம் இருக்கிறது. அதைப் பற்றியும் பிறகு பேச வேண்டியிருக்கும்.

சகஜானந்தர் இந்த ஊரில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிய ஆண்டு 1916. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. அதே ஆண்டு மே மாதம், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் கருத்தரங்கு ஒன்றில் இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர் இந்தியாவின் சாதிகள் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அவர் அம்பேத்கர். பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் 1913இல் கப்பலேறிப் போனவர். கொலம்பியாவில் அம்பேத்கர் சாதியை ஆராய்ந்துகொண்டிருந்த ஆண்டில், சிதம்பரத்தில் சகஜானந்தர் சேரிப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். இதைத் தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் அப்படிப் போகவில்லை. கல்வி என்று நாம் பேசுவதன் இரண்டு பக்கங்களும் அந்த ஒரே ஆண்டில் இருக்கின்றன. ஒன்று, உள்ளே நுழைவது. இன்னொன்று, உள்ளே போனபின் பேசுவது.

சகஜானந்தர் தம் பள்ளிக்கு நந்தனார் பெயரை வைத்தார். சிதம்பரத்தில் அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. கோயிலுக்குள் போக நெருப்பில் இறங்கி எழ வேண்டியிருந்தது என்று சொல்லப்படுகிற மனிதரின் பெயர் அது. அந்தப் பெயரைப் பள்ளிக்கூடத்துக்கு வைத்தவர், இனி நம் பிள்ளைகள் நெருப்பில்லாமல் நுழைய ஒரு வாசல் வேண்டும் என்று நினைத்திருப்பார் என்பது என் ஊகம். நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வாசல் திறந்ததா?

திறந்திருக்கிறது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் மேடைகளில் எதுவுமே மாறவில்லை என்று பேசினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது பொய். ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு 2021-22க்குச் சொல்வது இது: இந்தியாவில் 18 முதல் 23 வயதுக்குள் இருப்பவர்களைக் கணக்கில் எடுத்தால் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4. பட்டியல் சாதியினருக்கு மட்டும் எடுத்தால் 25.9. தமிழ்நாட்டின் மொத்த விகிதம் 47. மொத்தக் கணக்குக்குள் நாமும் இருப்பதால் இடைவெளி கொஞ்சம் குறைத்தே தெரியும். சமூகவியல் படித்த பாவத்துக்கு இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். இருந்தாலும், நம் தாத்தாக்கள் காலத்தில் இப்படி ஒரு எண்ணை யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அப்படியென்றால் ஏற்றத்தாழ்வு குறைந்துவிட்டதா? இங்கேதான் சிக்கல். வாசலில் நின்ற ஏற்றத்தாழ்வு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. யார் கல்லூரிக்குப் போனார் என்று கேட்டால் இன்று வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. எந்தக் கல்லூரிக்கு, எந்தப் படிப்புக்கு, எந்த மொழியில், யார் காசில், எத்தனை ஆண்டு தாமதத்தில் என்று கேட்டுப் பாருங்கள். எல்லாம் தெரிந்துவிடும். இந்தியாவில் இருக்கும் கல்லூரிகளில் நான்கில் மூன்றுக்கு மேல் தனியாருடையவை. நம் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் அங்கேதான் போகிறார்கள். அங்கே என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயும் மகளும் என்னைத் தேடி வந்தார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். மகள் ஒரு தனியார் கல்லூரியில் நர்சிங் முடித்துவிட்டாள். கடைசிப் பரீட்சை எழுதி எட்டு மாதம் ஆகியும் கையில் ஒரு காகிதம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், டி.சி. எல்லாம் கல்லூரி இரும்பு பீரோவில். அரசு உதவித்தொகை வரவில்லை, அதனால் கட்டணம் பாக்கி, அதனால் சான்றிதழ் தர முடியாது என்கிறார்கள். சான்றிதழ் இல்லாமல் நர்சிங் கவுன்சிலில் பதிய முடியாது. பதியாமல் எந்த மருத்துவமனையிலும் வேலை தரமாட்டார்கள். அவள் அதற்குள் ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

நானும் கூடப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், நாங்க வேணும்னு வெச்சுக்கல. கவர்மெண்டு காசு வந்துச்சுன்னா அன்னிக்கே குடுத்துடுவோம்" என்றார். அந்தம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, கவருமெண்டு குடுக்கவேண்டிய காசுக்கு எம்பொண்ண ஏன் புடிச்சு வெச்சிருக்காங்க?"

நான் பல கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக இந்தப் பிரச்சினையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கடன்பட்டது அரசு. கடன் கொடுத்தது கல்லூரி. அடகு வைக்கப்பட்டது அந்தப் பெண்ணின் வயது.

மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பேனா இல்லாதவர்கள் போனில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கல்லூரிக்கும் உங்கள் அசல் சான்றிதழைப் பிடித்துவைக்க உரிமை கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் இதற்காகவே அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. கல்விச் சான்றிதழ் ஒன்றும் சந்தைச் சரக்கல்ல, பாக்கிக்காக அதைப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சொல்லியிருக்கிறது. அன்று நாங்கள் இதையெல்லாம் எழுதி, பதிவுத் தபாலில் ஒரு மனு கொடுத்தோம். ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நகல். இருபது நாளில் சான்றிதழ் வந்துவிட்டது. ஆனால் எட்டு மாதம் திரும்பி வரவில்லை. அவளோடு படித்தவர்கள் அதற்குள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து சீனியர் ஆகிவிட்டார்கள்.

இந்த உதவித்தொகைக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்குவது அதை அவமதிப்பது. 1942 அக்டோபரில் அம்பேத்கர் அன்றைய வைஸ்ராய் லின்லித்கோவிடம் ஒரு நீண்ட மனு கொடுத்தார். அதில் உயர்கல்வி பற்றித் தனியாக எழுதியிருக்கிறார். அலிகார், பனாரஸ் பல்கலைக்கழகங்களுக்கு அரசு ஆண்டுக்கு மூன்று மூன்று லட்சம் கொடுக்கிறது. தீண்டப்படாதவர்களின் உயர்கல்விக்கு அதே அளவாவது கொடு என்பது கோரிக்கை. தொடக்கக் கல்வியைக் கேட்கவில்லை, உயர்கல்வியைக் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஆயிரம் பேரும் அதிகாரத்தில் இருப்பவனிடம் மனு கொடுத்துக்கொண்டேதான் இருப்பார்கள். முடிவெடுக்கும் நாற்காலியில் நம் ஆள் உட்கார வேண்டுமானால் அதற்கு உயர்கல்வி வேண்டும் என்பது அவர் கணக்கு. 1944இல் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் வந்தது. இன்று உங்கள் வங்கிக் கணக்கில் வருகிற, அல்லது வராமல் போகிற பணம் அதன் தொடர்ச்சிதான்.

அந்தத் திட்டத்தை இன்று என்ன செய்து வைத்திருக்கிறோம்? ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம். 2013இல் வைத்த வரம்பு அது. பன்னிரண்டு ஆண்டில் அரிசி விலை ஏறியிருக்கிறது, பஸ் கட்டணம் ஏறியிருக்கிறது, கல்லூரிக் கட்டணம் எங்கேயோ போய்விட்டது, வரம்பு மட்டும் அங்கேயே நிற்கிறது. 2019இல் பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்ட வகுப்பினருக்கு பத்து சதவீத இடஒதுக்கீடு கொண்டுவந்தபோது அவர்களுக்கு வைத்த வரம்பு எட்டு லட்சம். ஒருவர் ஏழை என்று ஒத்துக்கொள்ள எட்டு லட்சம் வரை போகலாம். நம் பிள்ளைக்கு உதவி செய்ய மூன்று லட்சமே அதிகம். இந்த நாட்டில் வறுமைக்கும் சாதி இருக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். கணக்கைப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொள்ளட்டும்.

தமிழ்நாடு இதில் ஒரு நல்ல காரியம் செய்தது. 2012இல் அரசாணை 92 மூலம் சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொண்டது. அந்த ஆணையால் பொறியியல் படித்தவர்கள், ஆசிரியப் பயிற்சி முடித்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். பிறகு நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களை அதிலிருந்து கழற்றிவிட்டார்கள். அந்த ஒரு வரி மாற்றத்தில் பாதியில் நின்றுபோனவர்களும் இருக்கிறார்கள். 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை நிதிப் பங்கீட்டை அறுபதுக்கு நாற்பது என்று மாற்றியது. அதுவரை ஒன்றிய அரசின் பங்கு பல மாநிலங்களுக்குப் பெயரளவுக்கு வந்துகொண்டிருந்த நிலையில் அது ஒரு முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூடவே ஒரு மாற்றம்: ஒன்றியப் பங்கு நேராக மாணவர் கணக்குக்கு வரும், அவர் ஏழு நாளில் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். மாநிலப் பங்கு போனால்தான் ஒன்றியப் பங்கு வரும். ஆதார் இணைந்த கணக்காக இருக்க வேண்டும். ஒரு எழுத்துப்பிழை போதும், பணம் எங்கோ நிற்கும். கல்லூரி நவம்பரில் கேட்கும், பணம் ஏப்ரலில் வரும். இடையில் ஹால் டிக்கெட் பிரச்சினை. வட்டிக்கு வாங்கிக் கட்டியவன் ஏப்ரலில் வந்த பணத்தில் வட்டியை அடைப்பானா, அடுத்த ஆண்டுக் கட்டணத்தைக் கட்டுவானா? இதையெல்லாம் நான் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை, உங்கள் விடுதியில் எந்த அறையைத் தட்டினாலும் சொல்வார்கள். இன்னொன்று: ஒன்றிய நெறிமுறைப்படி பி.ஏ., பி.எஸ்சி. படிக்கும் மாணவர் வீட்டிலிருந்து வந்துபோனால் பராமரிப்புப் படி ஆண்டுக்கு 3,000 ரூபாய். மாதத்துக்கு 250. இதற்குமேல் இதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

இப்போது விடுதிகளின் பெயர்ப்பலகை மாறி, சமூகநீதி விடுதி என்று எழுதியிருக்கிறார்கள். பெயர் நல்ல பெயர். தண்ணீர்க் குழாயும் மாறினால் இன்னும் நன்றாக இருக்கும்.

இதுவரை பேசியது பணம். பணத்தோடு நிறுத்திக்கொண்டால் நான் இங்கே வந்ததற்கு அர்த்தமில்லை. இந்தத் தாமதம், இந்தப் பாக்கி, இந்தச் சான்றிதழ்ப் பிடிப்பு எல்லாம் சேர்ந்து ஒரு வேலையைச் செய்கின்றன. நம் மாணவரை முழுநேரப் 'பயனாளி' ஆக்கிவிடுகின்றன. அரசு ஆவணங்களில் நமக்கு அந்தப் பெயர்தான். பயனாளி என்றால் வாங்குகிறவர். மூன்று ஆண்டுப் படிப்பில் பாதிநேரம் வாங்குவதற்காக நிற்பதில் போய்விட்டால், கொடுக்கிறவராக, அதாவது சொல்லிக்கொடுக்கிறவராக, ஒரு துறையில் புதிதாக ஒன்றைச் சொல்கிறவராக எப்போது ஆவது?

1942 ஜூலையில் நாக்பூர் மாநாட்டில் அம்பேத்கர் சொன்ன மூன்று சொற்கள் நம் வீட்டுச் சுவரிலெல்லாம் இருக்கின்றன. தமிழில் வரிசை ஊருக்கு ஊர் மாறும். ஒன்றுசேர் முன்னால் வரும், போராடு பின்னால் வரும், சில இடத்தில் புரட்சி செய் என்று இருக்கும். ஆனால் முதல் சொல் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: கற்பி. கல் என்று இல்லை, படி என்று இல்லை. கல் என்பது தன்வினை, கற்பி பிறவினை. ஐந்தாம் வகுப்பு இலக்கணம். ஆனால் எழுபது எண்பது ஆண்டாக நாம் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு வீட்டுப் பிள்ளையிடம் "நல்லாப் படி" என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். படித்தால் வேலை, வேலை கிடைத்தால் மரியாதை. தவறில்லை. பசித்தவன் முதலில் சோற்றைத்தான் கேட்பான். ஆனால் கற்பிக்கும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்ற கேள்வியை விட்டுவிட்டால், நாம் எவ்வளவு படித்தாலும் நம்மைப் பற்றிய பாடத்தை வேறு யாரோதான் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

நான் எம்.ஏ. சமூகவியல் படித்தபோது எங்களுக்குத் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றைப் பற்றிப் பாடம் உண்டு. ஆந்த்ரே பெத்தெய் எழுதி 1965இல் வந்த நூல். ஊருக்கு அவர் வைத்த பெயர் ஸ்ரீபுரம். அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என்று மூன்றாகப் பிரித்து, சாதியும் வர்க்கமும் அதிகாரமும் எப்படி மாறுகின்றன என்று காட்டுவார். நல்ல நூல், இன்றும் படிக்க வேண்டியது. ஆனால் அவர் தங்கியிருந்தது அக்கிரகாரத்தில். அதனால் சேரிக்குள் தன்னால் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்று அவரே நேர்மையாக ஒத்துக்கொண்டிருக்கிறார். வகுப்பில் அந்தப் பக்கம் வந்தபோது ஆசிரியர் வேகமாகக் கடந்துவிட்டார். எனக்கு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த வரைபடத்தில் ஓரமாக, கோடு போட்டுக் காட்டியிருந்த இடத்தில்தான் என் வீடு போன்ற வீடுகள் இருந்தன. எங்களைப் பற்றிய அறிவு அக்கிரகாரத் திண்ணையிலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான். அதைத்தான் நான் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதினேன், மார்க்கும் வாங்கினேன். எழுந்து ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பின்வரிசை.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே நம் ஆட்கள் எழுதாமல் இல்லை. அயோத்திதாசர் 1907இலிருந்து 'தமிழன்' இதழில் வாரவாரம் வரலாறும் சமயமும் மொழியும் எழுதிக்கொண்டிருந்தார். 1914இல் அவர் மறைந்தார். அந்த எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் வெளிவந்த பிறகுதான் அவர் பெயர் ஆய்வு மாணவர்கள் வாயில் வர ஆரம்பித்தது. எண்பத்தைந்து ஆண்டுகள். இடையில் தமிழ்நாட்டில் எத்தனை தமிழ்த்துறைகள், எத்தனை வரலாற்றுத் துறைகள், எத்தனை முனைவர் பட்டங்கள்! ஒருவர் கண்ணிலும் படவில்லை என்றால் அது மறதி அல்ல.

தகுதி, திறமை என்று சொல்வார்கள். அஜந்தா சுப்ரமணியன் 2019இல் வெளியிட்ட நூல் ஒன்று சென்னை ஐ.ஐ.டி.யை எடுத்துக்கொண்டு இந்தத் 'தகுதி' எப்படி உருவானது என்று ஆராய்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சாதியால் சேர்ந்தது எப்படித் தனிமனிதத் திறமையாக உருமாறுகிறது, எப்படிச் சாதி இல்லாதவர்களாகத் தங்களை அவர்கள் பார்த்துக்கொள்ள முடிகிறது என்பது அதன் மையம். தமிழ்நாட்டு மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். பூர்தியு என்கிற பிரெஞ்சு சமூகவியலாளர் பண்பாட்டு மூலதனம் என்று ஒன்றைச் சொன்னார்; பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து கொண்டுவருவதைத்தான் திறமை என்று திருப்பித் தருகிறது என்றார். அவரைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் வரவில்லை. எங்கள் பாட்டி "ஏட்டுச் சுரைக்காய் அவங்க தோட்டத்துல காய்ச்சது" என்பார்.

உள்ளே போய்க் கேள்வி கேட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதும் நமக்குத் தெரியும். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா ஆராய்ச்சி மாணவர். அவருக்கு உதவித்தொகை நின்றது, பிறகு விடுதியிலிருந்து நீக்கினார்கள், வெட்டவெளியில் படுத்துப் போராடினார், 2016 ஜனவரி 17இல் அவரை இழந்தோம். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஜே.என்.யூ.வில் படித்த சேலத்து முத்துக்கிருஷ்ணனை இழந்தோம். இருவரும் பயனாளிகளாக மட்டும் இருக்க மறுத்தவர்கள். எழுதியவர்கள், பேசியவர்கள். எய்ம்ஸில் நடந்த பாகுபாடு பற்றிய தோரட் குழு அறிக்கை 2007லேயே வந்துவிட்டது. தனி விடுதி, தனி மேசை, பேச மறுக்கும் ஆசிரியர்கள், எல்லாம் அதில் இருக்கின்றன. தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இதைச் சொல்லும்போதே இங்குள்ள மாணவர்களுக்கு ஒன்று: மனசு சரியில்லை என்றால், எந்த நேரமானாலும், மன்றத்தில் யாரையாவது கூப்பிடுங்கள். தியாகிகளின் படம் நம்மிடம் போதுமான அளவு இருக்கிறது. எங்களுக்கு நீங்கள் உயிரோடு வேண்டும்.

வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தரும் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை என்று ஒன்று உண்டு. 1954இலிருந்து இருக்கிறது. நாடு முழுவதற்கும் சேர்த்து 125 இடம், அதில் பெரும்பகுதி பட்டியல் சாதியினருக்கு. 2022இல் அதன் நெறிமுறையில் ஒரு வரி சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளில் படிக்க இந்த உதவி கிடையாது. இவற்றை இந்தியாவிலேயே படிக்கலாமே என்று விளக்கம் சொன்னார்கள். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கும். இப்போது 1916க்குத் திரும்பிப் போங்கள். இந்தியாவின் சாதிகள் பற்றி நியூயார்க்கில் கட்டுரை வாசித்த அந்த இருபத்தைந்து வயது மாணவர் இன்று விண்ணப்பித்தால், அந்தத் தலைப்புக்காகவே தள்ளுபடி ஆவார். ஒரு மன்னர் கொடுத்ததை ஒரு குடியரசு மறுக்கிறது. பொறியியல் படிக்கப் போ, தருகிறோம். மருத்துவம் படிக்கப் போ, தருகிறோம். உன்னை இப்படி வைத்திருக்கும் ஏற்பாட்டைப் பற்றிப் படிக்காதே. என் பேச்சில் வேறு எதை மறந்தாலும் இந்த ஒரு வரியை மறக்காதீர்கள்.

இனி நம் பக்கம். "படிச்சு என்னத்தக் கண்டோம்" என்று நம் பையன்களே சொல்கிறார்கள். பி.இ. முடித்துவிட்டு சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பவன் அப்படிக் கேட்டால் அவனிடம் போய் தத்துவம் பேச முடியாது. ஆனால் நான் ஊர் ஊராகப் போகிறவன், பார்த்ததைச் சொல்கிறேன். படித்த ஒரு பெண் இருக்கிற தெருவில் காவல் நிலையத்துக்குப் போனால் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வருகிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்க்கிறார்கள். 1892 ஆணையின்படி கொடுத்த பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்று அ பதிவேட்டையும் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் தாலுகா ஆபீசில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தது, எனக்குத் தெரிந்த ஒரு ஊரில், வேலை கிடைக்காத ஒரு எம்.காம். பட்டதாரி. அவன் படிப்பு வீண் என்று யார் சொல்வது? வேலைச்சந்தை சொல்லும். அந்த நிலத்தை வைத்திருப்பவர் சொல்ல மாட்டார்.

1956 மார்ச்சில் ஆக்ராவில் அம்பேத்கர் படித்தவர்கள் தம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று வருந்தியதை நம் மேடைகளில் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். வயது ஏற ஏற அதைச் சொல்வதற்குக் கூச்சமாக இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரியின் சம்பளத்தில் தங்கை கல்யாணம் இருக்கிறது, கல்விக்கடன் இருக்கிறது, அப்பாவின் டயாலிசிஸ் இருக்கிறது, நகரத்தில் சாதி கேட்டு வீடு மறுக்கும் உரிமையாளர் இருக்கிறார். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவருக்கே 1917இல் பரோடாவில் தங்க இடம் தரவில்லை. அப்படிப்பட்டவனைப் பார்த்து "சமூகத்துக்கு என்ன செய்தாய்" என்று மேடையிலிருந்து கேட்பது சுலபம். அவன் படித்துக்கொண்டிருந்த மூன்று ஆண்டில் நாம் எத்தனை முறை அவன் விடுதிக்குப் போனோம் என்று அவன் திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. நம் இயக்கங்கள் தேர்தலுக்கும் சிலைக்கும் கொடுத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நூலகத்துக்குக் கொடுக்கவில்லை. சகஜானந்தர் சட்டமன்றத்துக்கும் போனார். ஆனால் 1959இல் கண்மூடும்வரை பள்ளியை விடவில்லை.

கடைசியாக ஒரு செய்தி. நம் மன்றத்துத் தோழர் ஒருவர் ஆராய்ச்சி மாணவர். கிராமங்களில் சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதைகள் பற்றி ஆய்வு செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. முதலில் இருந்த நெறியாளர், "இதெல்லாம் உணர்ச்சிகரமான விஷயம், பொதுவான தலைப்பா எடுங்க" என்றார். பொதுவான தலைப்பு என்றால் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் சமூகப் பொருளாதார மேம்பாடும். இந்தத் தலைப்பில் தமிழ்நாட்டில் இருக்கும் ஆய்வேடுகளை அடுக்கினால் கீழவீதித் தேரை மறைக்கும். நம் தோழர் விடவில்லை. நெறியாளரை மாற்ற ஓராண்டு போனது. தலைப்பு மூன்றாம் முறைதான் ஒப்புதலானது. உதவித்தொகை நடுவில் ஏழு மாதம் நின்றது. நாற்பது ஊர்களில் நடந்து, பாதைகளை அளந்து, வரைபடம் போட்டு, ஆய்வேட்டை முடித்துச் சமர்ப்பித்துவிட்டார். அந்த வரைபடங்களை நான் பார்த்தேன். இந்த முறை கோட்டுக்கு உள்ளிருந்து வரைந்திருக்கிறார்.

அடுத்த மாதம் அவருக்குப் பொது வாய்மொழித் தேர்வு. பெயரிலேயே இருக்கிறது, பொது என்று. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். வழக்கமாக அதற்கு அந்தத் துறை மாணவர்கள் நான்கு பேரும் டீ கொண்டுவருபவரும்தான் வருவார்கள். தேதி உறுதியானதும் மன்றத்திலிருந்து சொல்வோம். அந்த நாற்பது ஊர்களிலிருந்து வருகிறோம் என்று சிலர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்கு வேன் ஏற்பாடு செய்ய வேண்டும். விடுதி மாணவர்கள் முன்னாடியே போய்விடுங்கள். முன்வரிசையில் உட்காருங்கள்.